ரெண்டாவதுக்காரரின் சோயா

என் அக்கா புருஷனுக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. அது வங்கியிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும் புழங்குகிறது. மற்ற இடங்களில் அவர் 'ரெண்டாவது'. "ரெண்டாவது இப்பதான் இந்தப் பக்கமா போனார்", "ரெண்டாவதுகிட்ட ஸ்பேனர் இருக்கும், கேட்டுப் பாரு" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். ஐந்து வருடமாகத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டது.

காரணம் அலமாரியின் மேல் வரிசையாக நிற்கிறது. வேளாண் அலுவலகம் வருடாவருடம் நடத்தும் சோயா விளைச்சல் போட்டியில் இரண்டாம் பரிசு ஒரு பிளாஸ்க். நீல மூடி, பக்கத்தில் கைப்பிடி. ஐந்து வருடத்துக்கு ஐந்து பிளாஸ்க். என்றைக்கோ மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, மூடியின் நிறம்கூட மாறவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து ஆறின டீ குடித்தவர் யாரும் இல்லை. முதல் பரிசு, தங்க நிற விளிம்பு வைத்த சுவர்க் கடிகாரம். அவை ஐந்தும் தபால்காரர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கின்றன. ஐந்தும் ஐந்து நேரம் காட்டும். "எந்த நேரம் சௌகரியமோ அந்தக் கடிகாரத்தைப் பாத்துக்கறார்" என்பார் மாமா.

தபால்காரர் முப்பது வருடம் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் நிலத்தில் இறங்கினார். மாமாவைக் குடைந்தது அதுதான். "நான் டவுசர் போட்ட காலத்துலேர்ந்து வயல்ல நிக்கறேன். லெட்டர் குடுத்துக்கிட்டிருந்த ஆளு வந்து ஒண்ணாவது வாங்கிட்டுப் போறான்" என்று போனில் என்னிடம் வருடத்துக்கு ஒரு தடவை, முடிவு வெளியான மறுநாள், சொல்வார். முதல் வருடம் ஏக்கருக்கு நாற்பது கிலோ வித்தியாசம். போன வருடம் பதினைந்து கிலோ. மாமா நெருங்கிக்கொண்டே போனார். ஆனால் தாண்டவில்லை.

சோம்பேறித்தனத்தால் தோற்றார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் குத்தகைக்கு எடுத்து உழுவது ஊர்க் கோடியில் எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் இருபது ஏக்கர். பல் டாக்டருடைய நிலம். அதில் ரோட்டை ஒட்டிய இரண்டு ஏக்கர் மாமாவின் போட்டித் துண்டு. போட்டிக்கு நிலம் முழுவதையும் பதிந்தாக வேண்டும். ஆனால் எடை போட இரண்டு ஏக்கர் அறுத்தால் போதும், ஒரே துண்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த இரண்டு என்பதை அறுவடை மெஷின் இறங்கும் வரைக்கும் விவசாயி சொல்லலாம். மாமாவோ விதைக்கும் முன்பே முடிவு செய்துவிடுவார். நல்ல விதை அந்த இரண்டுக்கு. இலையில் தெளிக்கும் டானிக் அந்த இரண்டுக்கு. கடற்பாசிச் சாறு, சர்க்கரைக் கரைசல், பெயர் வாயில் நுழையாத நுண்ணுயிர் எல்லாம் அந்த இரண்டுக்கு. மீதிப் பதினெட்டு ஏக்கருக்கு அக்கா.

எனக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. டப்பாக்களின் மேல் இருக்கும் வாசகம் மாமாவுக்குத் தெரியாத மொழியில் இருக்கும். நான் இரண்டு மொழியில் படித்தவன், அதில் ஒன்றை வைத்துத்தான் வெளிநாட்டில் பிழைக்கிறேன். எனவே மாமா டப்பாவைப் படம் எடுத்து அனுப்புவார். "மாப்ள, என்ன போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லு."

"கண்ணில் பட்டால் உடனே கழுவவும், விழுங்கினால் டாக்டரைப் பார்க்கவும்னு போட்டிருக்கு மாமா. கையுறை போட்டுக்கணுமாம். காத்து வீசற பக்கம் நிக்கக் கூடாதாம்."

"நீ பயமுறுத்தற பாகத்தை விட்டுட்டு, விளையற பாகத்தைப் படி."

விளைகிற பாகம் எல்லா டப்பாவிலும் ஒன்றுதான்: விளைச்சல் கணிசமாகக் கூடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் பல் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அக்காவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பிடுங்கப் போயிருந்தாள். மரத்துப்போன வாயோடு, பஞ்சைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"உங்க குத்தகை இந்த அறுவடையோட முடியுதும்மா. எனக்கு விவசாயம் தெரியாது, ஆனா நிலம் நல்ல கையில இருக்கணும். யோசிச்சுப் பாத்தேன். இந்த வருஷப் போட்டியில யாரு முதல் பரிசோ, அவங்களுக்குத்தான் அடுத்த அஞ்சு வருஷம். நீங்களும் முயற்சி பண்ணுங்க. என்ன சொல்றீங்க?"

அக்கா என்ன சொல்வாள்? வாயில் பஞ்சு. டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்லி அனுப்பினார்.

பதினொரு வருடம் உழுத நிலம். வேறு நிலமும் அவர்களுக்கு இல்லை. அக்கா வீட்டுக்கு வந்து செய்தியை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார். கலங்கியிருப்பார் என்று அக்கா நினைத்தாள். அவர் முகத்தில் ஒரு ஒளி இருந்ததாம்.

"இந்தத் தடவை விடமாட்டேன்" என்றார். "விதைக்குப் பூசற புது மருந்து ஒண்ணு பார்சல்ல வருது. காலையில நானே டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன். மண் பரிசோதனை முடிவும் வரணும். அது வரைக்கும் யாரும் நிலத்துல கால் வைக்கக் கூடாது."

விதை மூட்டைகளில் நல்லதாக நான்கை எடுத்துத் தன் இரண்டு ஏக்கருக்கென்று கட்டிலுக்கு அடியில் தள்ளினார். செடி நெருக்கமாக நின்றால் காயும் நெருக்கமாகக் காய்க்கும் என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். பார்சல் வரவில்லை. டவுனில் அவருடைய தம்பி வீட்டிலேயே தங்கிக் காத்திருந்தார்.

அவர் பஸ் ஏறிய அன்றே விதைக்கும் கருவியை வாடகைக்கு விடுகிறவர் வந்து வாசலில் நின்றார். இன்றைக்கு ஒரு நாள் கருவி சும்மா இருக்கிறது, விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றார். அக்கா வயலுக்குப் போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது, குளிர்ச்சி விட்டிருந்தது. விதைதான் போதாது, நான்கு மூட்டை கட்டிலுக்கு அடியில். மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். இருப்பதைப் பதினெட்டு ஏக்கருக்கும் பரப்பினால் வழக்கத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாக விழும். கருவியின் பல்சக்கரத்தை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றி, வீங்கின கன்னத்தோடு டிராக்டரில் ஏறினாள். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள்.

மாமா பதினாறு நாள் கழித்து, பார்சலும் கையுமாக வந்து, தன் இரண்டு ஏக்கரை விதைத்தார். அதற்குள் அக்காவின் செடிகள் விரல் உயரம் முளைத்து நின்றன. மாமா ரோட்டில் நின்றபடியே பார்த்தார்.

"என்னம்மா இது, வழுக்கைத் தலை மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு நிக்குது?"

"வழுக்கைத் தலைக்காரருக்குத்தான் வழுக்கை கண்ணுல படும்" என்றாள் அக்கா. பல் பிடுங்கின புண் ஆறியிருந்தது.

அதற்குப் பிறகு மாமா அந்தப் பதினெட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நேரம் இல்லை. தபால்காரர் எதைத் தெளிக்கிறார் என்று கண்டுபிடிக்கும் வேலை இருந்தது. தபால்காரரோ யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்: "முன்னாடியே விதைச்சிடுவேன். தினம் ஒரு சுத்து நடப்பேன். மெஷினை மெதுவா ஓட்டச் சொல்லுவேன். வேற என்ன?" ஐந்து வருடமாக இதையேதான் சொல்கிறார். அதனாலேயே ஒருவரும் நம்புவதில்லை. ஒண்ணாவது வாங்குகிறவர் உண்மையைச் சொல்வாரா?

ஒரு மதியம், தபால்காரர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, மாமா அவர் வீட்டுப் பின்பக்கக் குப்பையைக் கிளறினார். மருந்து டப்பா எதுவும் இல்லை. ஆனால் ஒரே மாதிரி ஏழு காலி பாட்டில்கள் கிடைத்தன. உடனே எனக்குப் படம் வந்தது. "மாப்ள, சிக்கிட்டான். படி."

படித்தேன். "யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம். மேலே தேய்க்க மட்டும். கண்ணில் படக் கூடாது. மாமா, இது முழங்கால் வலிக்குத் தேய்க்கற தைலம்."

அந்தப் பக்கம் பாட்டிலை மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பூச்சிக்குக் கற்பூர வாசம் ஆகாது. பெரிய மூளைக்காரன்" என்றார்.

ஒரு டஜன் பாட்டில் வாங்கித் தண்ணீரில் கலந்து மூன்று வரிசைக்குத் தெளித்தார். ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்களாம். சளி பிடித்த ஒருவர் மறுநாளும் வந்தாராம்.

மாமா இதைப் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா போனை வாங்கினாள். "மூணு வரிசைக்கும் மூட்டு வலி போயிடுச்சுடா. இனிமே அது எழுந்து நடந்து எடைமேடைக்குப் போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கால் வலிக்குதுன்னா அந்த மனுஷன் நடக்கறார்னு அர்த்தம். இது இவருக்கு ஏன் தோணல?" என்றாள். அன்றிலிருந்து அவளும் தினம் காலையில் பதினெட்டு ஏக்கரை ஒரு சுற்றுச் சுற்றி வரத் தொடங்கினாள். களை எங்கே தலை தூக்குகிறதோ அங்கே மட்டும் இறங்கினாள். ஒரு மூலையில் இலையைப் புழு தின்பதை இரண்டாம் நாளே பார்த்துவிட்டதால் ஒரே ஒரு தெளிப்போடு போயிற்று.

நான் விடுமுறையில் ஊருக்குப் போனது அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால். நிலம் கை மாறிப் போனால் அக்கா என்ன செய்வாள் என்ற கவலையில் விமானத்தில் கண் மூடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மாமாவின் துண்டு தெரிந்தது. கரும்பச்சையாக, மார்பளவு உயரத்தில் மதில் மாதிரி நின்றது. மனசு கொஞ்சம் சமாதானமாயிற்று. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மதில் ரோட்டோரம் மட்டும்தான். உள்ளே செடிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, பந்தி முடிந்த பாய் மாதிரி கிடந்தன.

"லேசா சாஞ்சிருக்கு" என்றார் மாமா. "காய் கனம்."

அன்றைக்கே செய்தி வந்தது. தபால்காரர் வயலில் அறுவடை முடிந்து எடையும் போட்டாகிவிட்டது. ஏக்கருக்கு ஆயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு கிலோ. இதுவரை யாரும் எடுக்காத விளைச்சல். மாமாவின் வயலில் மெஷின் இறங்கும் நாள் மறுநாளுக்கு மறுநாள். அதற்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் பார்க்க மாமா வளையத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தண்ணீர்க் குழாய்த் துண்டை வளைத்து ஒட்டிய வளையம். வயலில் எறிந்து, அதற்குள் விழுகிற செடியையும் காயையும் எண்ணிப் பெருக்கினால் விளைச்சல் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

நோட்டும் பேனாவுமாக நான் பின்னால் போனேன். மாமா நடந்தார், நின்றார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், நாலு அடி தள்ளிப் போனார். "இங்க நல்லா இருக்கு" என்று வளையத்தைப் பூப்போல இறக்கினார். எண்ணினோம். ஆயிரத்து இருநூற்றுப் பத்து காய்.

"எழுதிக்க. தபால்காரன் கதை முடிஞ்சது."

"போன வருஷமும் இதே மாதிரிதான் போட்டீங்களா மாமா?"

"அஞ்சு வருஷமா இதே வளையம்தான். கணக்குல எப்பவும் நான்தான் ஒண்ணாவது. எடைமேடையிலதான் என்னமோ ஆயிடுது. அந்த எடைமேடை மேலேயே எனக்கு ஒரு சந்தேகம்."

வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். வளையத்தை வாங்கி என் கையில் கொடுத்தாள். "கண்ணை மூடிக்கிட்டு, முதுகுப் பக்கமா எறி."

"யார் மேலயாவது விழுந்தா?"

"நாங்க ஒதுங்கிக்கறோம். எறிடா."

எறிந்தேன். சாய்ந்து கிடந்த பாகத்தில் விழுந்தது. எண்ண வேண்டுமானால் செடிகளைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. உள்ளுக்குள் அறுபத்தொரு செடி. ஒவ்வொன்றும் நெட்டையாக, ஒல்லியாக, வெயிலைத் தேடியே வளர்ந்து, நுனியில் நாலைந்தும் நடுவில் ஏழெட்டுமாகக் காய் வைத்திருந்தது. அடியில் இலை மஞ்சளாகி அழுகியிருந்தது. மொத்தம் எண்ணூற்று முப்பது. இன்னும் மூன்று தடவை எறிந்தேன். எண்ணூற்று அறுபது, எழுநூற்றுத் தொண்ணூறு, எண்ணூற்று எழுபது.

அக்கா முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். பதினெட்டு ஏக்கருக்குள் அந்த வருடம் மாமா முதன்முதலாகக் கால் வைத்தார். செடிகள் இடுப்புக்குக் கீழே, ஒன்றுகூடச் சாயாமல், இலை கொட்டிக் காய்ந்து நின்றன. ஒவ்வொன்றும் நாலாப் பக்கமும் கிளை விட்டு, தரையிலிருந்து நாலு விரல் உயரத்திலேயே காய்க்கத் தொடங்கியிருந்தது. நான் கண்ணை மூடி எறிந்தேன். இருபத்தேழு செடி. காய் ஆயிரத்து நூற்று எண்பது. அடுத்ததும் அதற்கடுத்ததும் ஆயிரத்து நூற்றைம்பதை விட்டு இறங்கவில்லை.

மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு காயைப் பிளந்தார், மூன்று மணி. இன்னொன்று, மூன்று. இன்னொன்றைப் பிளந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன தெளிச்ச?"

"ஒரு மூலையில புழுவுக்கு ஒரு தடவை."

"டானிக்?"

"நீங்க எங்க மிச்சம் வெச்சீங்க?"

அன்று மாமா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அவர் கவலை எனக்குப் புரிந்தது. தன் துண்டை அறுத்தால் இந்த வருடம் பிளாஸ்க்கூடக் கிடைக்காது, நிலமும் போகும். அக்காவுடையதை அறுத்தால் நிலம் தங்கலாம், ஆனால் ஐந்து வருடம் ராஜா மாதிரி வளர்த்த இரண்டு ஏக்கர் வெறும் வைக்கோல் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். "ரெண்டையும் கலந்து அறுக்க முடியாதா, வரப்புல கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம்?" என்று ஒரு தடவை கேட்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டினேன், முடியும். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முடியாது மாமா" என்றேன்.

அறுவடை அன்று காலை வரப்பில் ஒரு சின்னக் கூட்டம். வேளாண் அலுவலகத்து அளவு அதிகாரி, நிலம் அளக்கும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பல் டாக்டர் மருத்துவமனையை அரை நாள் மூடிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வந்து வரப்பில் எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் நின்றார். சாட்சியாகப் போட்டியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. அதற்குத் தபால்காரர் வந்தார். அவருக்கு முன்னால் தைல வாசம் வந்தது.

"எந்த ரெண்டு ஏக்கர்?" என்றார் அதிகாரி.

மாமா ரோட்டோர மதிலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு திரும்பி, நிலத்தின் நடுப்பக்கம் கை காட்டினார். "அந்த வழுக்கைத் தலை."

அதிகாரி படிவத்தை நிரப்பத் தொடங்கினார். "விதைத்த தேதி?"

மாமா அக்காவைப் பார்த்தார்.

"டாக்டர் பல்லு புடுங்கினதுக்கு மறுநாள்" என்றாள் அக்கா.

"அதுக்கு ஆதாரம் வேணுமேம்மா. முன்கூட்டி விதைச்சதா சும்மா எழுத முடியாது."

பல் டாக்டருக்குத் தனக்கும் ஒரு வேலை வந்த சந்தோஷம். போனை எடுத்து மருத்துவமனைக்குப் பேசி, பதிவேட்டைப் பார்க்கச் சொல்லித் தேதியை வாங்கிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஒரு நிமிஷம். நான் ஒரு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்லியிருந்தேனே?"

"உக்காந்துதான இருந்தேன் டாக்டர். டிராக்டர்ல."

"மாத்திரை?"

"சீட்டு விதைக் கணக்குக்கு ஆயிடுச்சு." முந்தானையில் முடிந்திருந்த சீட்டை எடுத்து நீட்டினாள். முன்பக்கம் டாக்டர் கையெழுத்து, பின்பக்கம் ஏக்கருக்கு எத்தனை விதை என்ற கணக்கு. அதிகாரி இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல ஆதாரம் இந்தப் படிவத்தில் இதுவரை சேர்ந்ததில்லை என்று குண்டூசியால் குத்திக்கொண்டார்.

"அப்ப, பயிர் செய்தவர்னு யார் பேரை எழுதட்டும்? பரிசு இந்தப் பேருக்குத்தான் போகும். குத்தகை உங்க பேர்லதான் இருக்கு" என்று மாமாவைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடிகாரம் அவர் பெயருக்கு வரும். அக்காவும் மறுத்திருக்க மாட்டாள், அவள் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேரை எழுதுங்க" என்றார் மாமா. "நான் அப்ப ஊர்லயே இல்ல."

மெஷின் இறங்கியது. ஓட்டுநருக்கு அடுத்த வயலுக்குப் போகிற அவசரம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார். விதிப்படி தபால்காரர் பின்னால் நடந்தார். பத்தடிக்கு ஒரு தடவை குனிந்தார். தரையில் சிந்திக் கிடந்த மணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து எண்ணினார். தலையை ஆட்டினார். இரண்டாவது நடை திரும்பும்போது அவரால் பொறுக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே போய் மெஷினுக்கு முன்னால் நின்று கையைக் காட்டினார்.

"என்னப்பா, கல்யாண ஊர்வலத்துக்கா போற? கத்தி ஒரு சாண் மேல நிக்குது, அடியில இருக்கற காயெல்லாம் வயலுக்கே போகுது. இறக்கு. பாதி வேகத்துல போ."

"நேரமாகும் பெரியவரே."

"ஆகட்டும்."

அதிகாரி பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "ஐயா, நீங்க போட்டியாளர். இவங்களுக்கு மணி சேர்ந்தா உங்களுக்குத்தான் நஷ்டம்."

தபால்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் இல்ல சார். என் கால் அவ்வளவு வேகத்துக்கு வராது. அதான்."

மெஷின் அதற்குப் பிறகு எருமை மாதிரி நடந்தது. ஓட்டுநர் சலித்துக்கொண்டே ஓட்டினார். எடைமேடைக்கு லாரி ஏறியபோது மாமா கண்ணாடிக்குள் ஓடும் எண்ணைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி ஈரப்பதம் கழித்து, இரண்டால் வகுத்து, மறுபடி ஒரு தடவை வகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

பதினொரு கிலோ. மெதுவாக ஓட்டச் சொன்னதில் சேர்ந்த மணி அதைவிட அதிகமாக இருக்கும் என்று என் கணக்கு. அதைத் தபால்காரரிடம் சொல்லப் போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து, தரையில் பொறுக்கிய கைப்பிடி மணியை எடுத்து, "இதையும் சேர்த்து எடை போட்டிருக்கலாம், மறந்துட்டேன்" என்று அக்காவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பரிசு கொடுக்கும் கூட்டத்தில் அதிகாரி அக்காவிடம் ஒலிபெருக்கியை நீட்டினார். இந்த விளைச்சலுக்கு நீங்கள் செய்த விசேஷமான காரியம் என்ன, மற்ற விவசாயிகளும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். அக்கா ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"விதைக்கிற அன்னிக்கு வீட்டுக்காரர் ஊர்ல இல்ல" என்றாள்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முதல் வரிசையில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். முன்னால் விதைத்தது, செடிக்குச் செடி இடம் விட்டது, தினம் நடந்தது, கத்தியை இறக்கி மெதுவாக அறுத்தது என்று அவள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. ஒண்ணாவது வாங்குகிறவர் உண்மையைச் சொல்வாரா?

பிளாஸ்க்கைத் தபால்காரர் வாங்கினார். சூடாக எதையாவது ஊற்றி வைத்தால் காலுக்கு ஒத்தடம் கொடுக்க உதவும் என்று சந்தோஷமாகவே எடுத்துப் போனார். மாமா கூடவே நடந்தார். குப்பையைக் கிளறினதை வழியில் ஒப்புக்கொண்டாராம். "தெரியும்" என்றாராம் தபால்காரர். "எல்லா பாட்டிலும் மூடி போட்டு நிமிர்த்தி வெச்சிருந்தது. என் வீட்டுக் குப்பை அவ்வளவு ஒழுங்கா இருக்காது."

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பல் டாக்டர் குத்தகைப் பத்திரத்தோடு கூப்பிட்டனுப்பினார். மருத்துவமனையில், அக்கா வாயில் பஞ்சோடு படுத்திருந்த அதே நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் வைத்து, மேலே உள்ள கோட்டைக் காட்டி அவளிடம் பேனாவைக் கொடுத்தார். அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது, உடன் பயிர் செய்பவர்.

டாக்டர் மாமாவைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டார். "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. ரெண்டாவது இடத்துல போடற மாதிரி ஆயிடுச்சு."

மாமா பேனாவை வாங்கினார். "பழகின இடம்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரமாக அக்காவோடு தினம் காலையில் இருபது ஏக்கரையும் சுற்றி வருகிறார். அறையெங்கும் தைல வாசம்.